அழைக்காமல் வந்த மாமன்

இதுவா? எக்ஸ்ரே இல்ல சார். பஸ்ல உக்காந்தா எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க, யாருக்கு என்னாச்சுன்னு. கவருதான் எக்ஸ்ரே கவரு, உள்ள இருக்கறது போட்டோ. பெரிய சைஸு, மடிக்கக்கூடாதுன்னு ஸ்டுடியோக்காரன் சொன்னான், அதான் இதுல போட்டு வச்சிருக்கேன். நீங்க எங்க எறங்கணும், திருச்சி ஜங்ஷனா? நான் டோல்கேட். இன்னும் வல்லமே வரல, நேரம் கெடக்கு. பாருங்க, பாத்தாத் தேஞ்சா போயிடும்.

நடுவுல மணையில உக்காந்திருக்கே, அது எம் பொண்ணு இலக்கியா. இது போன வருஷம் வைகாசியில எடுத்தது. அதுக்கு மாலை போடுறாரே, வெள்ளை அங்கி, பூ வேலை செஞ்ச தொப்பி, அவருதான் கல்ஃபான் பாபா. ஓமான்காரரு. பக்கத்துல தாம்பாளத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது அவரு வீட்டம்மா, ஷம்ஸா. அந்தம்மாவ நல்லாப் பாத்துக்குங்க. ஏன்னா பேப்பர்ல வந்தப்ப அந்தம்மா இல்ல. வெட்டிட்டாங்க. உத்துப் பாத்தா தாம்பாளத்து ஓரத்துல நாலு வெரல் மட்டும் தெரியும்.

இப்ப நீங்களே சொல்லுங்க, இது என்ன விசேஷம்? பாத்தீங்களா, யோசிக்கக்கூட இல்ல நீங்க. பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறாங்க, தாய்மாமன் மொறைக்கு மாலை போடுறாருன்னு சொல்லிட்டீங்க. தமிழ்நாட்டுல எந்த வீட்டுல காட்டினாலும் அதத்தான் சொல்லுவாங்க. பேப்பர்ல என்ன போட்டான் தெரியுமா? '13 வயது சிறுமிக்கு மாலை சூட்டிய 72 வயது அரபு ஷேக். ரகசியத் திருமணமா?' கடைசில கேள்விக்குறி போட்டிருந்தான் சார். கேள்விக்குறி போட்டுட்டா கேஸ் நிக்காதாம். வக்கீல் சொன்னாரு.

எந்தப் பேப்பருன்னு கேக்காதீங்க. காலைல நீங்க படிச்சிருப்பீங்க.

பதினாலு மாசமா அலையுறேன். மறுப்பு போடுங்கய்யா, நாலு வரி போடுங்கய்யான்னு. திருச்சி பேப்பர் ஆபீஸ்ல புதன்கெழமைதான் ஆளுங்களப் பாப்பாங்க, அதனால புதன்கெழமையானா இந்த பஸ்ஸு. லோடு ஆட்டோ ஓட்டுறேன், அன்னிக்கு ஓட்டம் கெடையாது. கண்டக்டருக்கே என்னைய நல்லாத் தெரியும். அலுத்துப் போச்சு சார். கோவம்கூட இப்ப வரமாட்டேங்குது, கோவத்துக்கும் ஒடம்புல தெம்பு வேணும்ல.

கல்ஃபான் பாபா ஷேக்கும் இல்ல கீக்கும் இல்ல. ஓமான்ல சுவைக்-னு கடலோரத்துல ஒரு ஊரு. அங்க பேரீச்சந்தோப்பு, கொஞ்சம் எலுமிச்சை, ரெண்டு மோட்டார் கெணறு, ஒரு பழைய பிக்கப் வண்டி. நம்ம பக்கம் நாலு மா நெலம் வச்சிக்கிட்டு மழையப் பாத்துக்கிட்டு இருப்பானே, அந்த மாதிரி ஆளு. பதினேழு வருஷம் அவருகிட்ட வண்டி ஓட்டினேன், தோப்பப் பாத்துக்கிட்டேன். இந்தப் பேப்பர்காரங்களுக்கு அரபின்னா எல்லாரும் ஷேக்குதான். பெட்ரோல் கெணறு, நாலு பொண்டாட்டி, கையில சாட்டை. ஒரு அரபியோட ஒரு வேளை சோறு தின்னிருப்பானா இவன்?

நல்லவருன்னா சாமி இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஒரு தடவ தண்ணி பாய்ச்ச மறந்துட்டேன்னு செருப்பக் கழட்டி வீசிட்டாரு. சாயங்காலம் அவரே குனிஞ்சு தேடுறாரு, ஒத்தச் செருப்பக் காணோம். நான் வாய்க்கால்லேர்ந்து எடுத்துக் குடுத்தேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஆனா எங்கப்பா செத்துட்டாருன்னு போன் வந்தப்ப, பாஸ்போர்ட்டு எங்க, டிக்கெட்டு எங்கன்னு நான் கேக்கவே இல்ல. அவரே வண்டிய எடுத்து மஸ்கட் ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விட்டாரு. 'நீதான மூத்தவன், நீ போகாம எப்பிடி எடுப்பாங்க'ன்னு வழியெல்லாம் அதே பேச்சு. என்னைவிட அவருக்குத்தான் பதட்டம். கொள்ளி வக்கிறது மூத்த புள்ளதான்னு என்னிக்கோ பேச்சுவாக்குல சொன்னத ஞாபகம் வச்சிருந்திருக்காரு.

அதுக்காக அரபிங்க எல்லாம் அப்பிடின்னு சொல்ல மாட்டேன். ஆளப் பாத்துதான். மிஸ்ரிக்காரன் இருக்கான் பாருங்க, அதான் எகிப்துக்காரன், அவன நம்பவே கூடாது. மொத்தப் பேரும் ஒரே அச்சு. ஒருத்தன்கிட்டப் பழகுனாப் போதும், மத்தவனப் பாக்கவே வேண்டாம்.

என்ன சிரிக்கிறீங்க? சரி, விஷயத்துக்கு வர்றேன்.

என் வீட்டுக்காரி வள்ளிக்கண்ணு கூடப் பொறந்தது அஞ்சும் பொண்ணு. ஆம்பளப் புள்ள கெடையாது. இலக்கியா வயசுக்கு வந்ததும் மொத அழுகையே அதுக்குத்தான், மாலை போட மாமன் இல்லாமப் போச்சேன்னு. சித்தப்பன் மகன் ஒருத்தன் இருந்தான், அவன் நாந்தான் போடுவேன்னு நின்னான். அவன் வாய்க்கு யாரும் பந்தியில உக்கார மாட்டாங்க, வேண்டாம்னுட்டோம். அந்த நேரம் பாத்து பாபா முழங்காலு ஆபரேஷனுக்கு மெட்ராஸ் வந்திருந்தாரு, அந்தம்மாவும் கூட வந்திருந்துச்சு. நான் ஊரோட வந்து ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு, ஆனா போன் விட்டுப் போகல. நான்தான் கூப்பிட்டேன். பாபா, இப்பிடி இப்பிடி, எங்க வழக்கத்துல ஒரு மாமன் வேணும், நீங்க வந்து நில்லுங்கன்னு.

அவரு எத்தன கேள்வி கேட்டாருங்கறீங்க. மாமன்னா யாரு, என்ன செய்யணும், என்ன கொண்டாரணும். மாலை போடுறப்ப பொண்ணு மேல கை படலாமா, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்களான்னு மூணு தடவ கேட்டாரு. எங்க ஊருல தாய்மாமன் கைய யாரு பாபா தப்பா எடுத்துக்குவான்னு நான் சிரிச்சேன். அப்பவும் மனசு ஒப்பல. 'ஷம்ஸாவும் எங்கூட நிக்கட்டும், அதுதான் அழகு'ன்னாரு. அந்தம்மாவத்தான் சார் வெட்டுனாங்க.

வந்தாரு. கோலு ஊண்டிக்கிட்டு வந்தாரு. இருவத்தோரு தட்டு, பட்டுச்சேலை, வளையல், பழம், அவரு தோப்புப் பேரீச்சம்பழம் ஒரு கூடை. மேளத்தோட ரோட்டுலேர்ந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தாரு, உக்காருங்க பாபான்னாக் கேக்கல. நானும் சும்மா விடல, நாலு எடத்துல ஃப்ளெக்ஸ் வச்சேன். ஒட்டகம், ஒசர ஒசரமாக் கட்டடம், நடுவுல அவரு படம், பக்கத்துல எம் பொண்ணு படம். 'அரபு நாட்டு ஷேக் கல்ஃபான் அவர்களே வருக வருக'ன்னு. அதுல ஷேக்குன்னு நான்தான் போடச் சொன்னேன். அது வேற சார், அது மரியாதைக்கு. இலக்கியா அப்பவே சொல்லுச்சு, எம் படம் ரோட்டுல வேண்டாம்ப்பா, பள்ளிக்கூடத்துல பசங்க பாப்பாங்கன்னு. சின்னப்புள்ள, அதுக்கென்ன தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாமா, யாரு மாமனா வர்றாருன்னு.

குணாளன்னு எங்க பக்கத்து நிருபரு. அவனும் பந்தியில உக்காந்து ரெண்டு தடவ பாயாசம் வாங்கிக் குடிச்சான். அவன் அக்கா மக சடங்குக்கு அவன்தான் மாலை போட்டான், நான் போயிருந்தேன். அவனுக்குத் தெரியாதா இது என்னன்னு? ஸ்டுடியோக்காரன்கிட்ட வாட்ஸப்புல படத்த வாங்கி அனுப்பிட்டான். அப்பறம் சட்டையப் புடிச்சுக் கேட்டேன், ஏன்டா இப்பிடின்னு. 'அண்ணே, சத்தியமா நான் தாய்மாமன் மொறைன்னுதான் எழுதி அனுப்பினேன். ஆபீஸ் டெஸ்க்குல உக்காந்து செய்தியத் திருத்துறவரு படத்தப் பாத்தாரு, அரபுக்காரரு, சின்னப் பொண்ணு, மாலை. தலைப்பு அவரு போட்டது'ன்னான். அந்த டெஸ்க்குக்காரரும் தமிழர்தான் சார். அவரு வீட்டுலயும் பொண்ணு வயசுக்கு வந்திருக்கும், மாமன் மாலை போட்டிருப்பான். ஆனா அந்த அங்கியப் பாத்ததும் தெரிஞ்சதெல்லாம் மறந்து போச்சு.

இன்னொண்ணு கேளுங்க. நம்ம பக்கம் சொந்தத் தாய்மாமனுக்கே பொண்ணக் கட்டிக் குடுக்குற வழக்கம் உண்டு. எங்க அக்காவ எங்க மாமாவுக்குத்தான் குடுத்தாங்க. அக்காவுக்குப் பதினாறு, அவருக்கு முப்பத்தஞ்சு. எந்தப் பேப்பர்ல வந்துச்சு? அவரும் மாலை போட்ட மாமன்தான்.

பேப்பர் வந்த அன்னிக்குப் பதினோரு மணிக்கெல்லாம் ஜீப்பு வந்துருச்சு. பாபாவும் அந்தம்மாவும் எங்க வீட்டுலதான் இருந்தாங்க, மறுநாள் கெளம்பறதா இருந்துச்சு. எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அடிக்கல, மெரட்டல, அத நான் சொல்லிடணும். ஆனா சாயங்காலம் வரைக்கும் மர பெஞ்சுல உக்கார வச்சாங்க. ஆபரேஷன் பண்ணின காலு, மடக்க முடியல அவருக்கு, நீட்டினா நடக்குறவங்களுக்கு எடஞ்சலு. அவரு பேசுறது யாருக்கும் புரியல. நெஞ்சத் தொட்டுத் தொட்டு 'மாமா, மாமா'ங்குறாரு. நான் சொல்லிக் குடுத்த வார்த்தை. அங்க நின்ன ரெண்டு பேரு சிரிச்சாங்க. அந்தம்மா இலக்கியா கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. வெளில எங்க சொந்தக்காரங்க ஒருத்தரையும் காணோம். பந்தியில எரநூறு எலை விழுந்துச்சு சார், ஸ்டேஷன் வாசல்ல ஒரு செருப்புக் கெடக்கல.

அப்பறம் என்னமோ எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கே மெட்ராஸ் போயி அப்பிடியே ஊருக்குப் போயிட்டாங்க. கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல 'ஷேக்கு வீட்டம்மா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. டிசி வாங்கிட்டோம். இப்ப ரெண்டு பஸ்ஸு மாறி வேற பள்ளிக்கூடம் போகுது. எங்கிட்டப் பேசறதில்ல. வீட்டுக்குள்ளதான் இருக்கும், அம்மாகிட்டப் பேசும், எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. பதினாலு மாசமா. எல்லாம் இந்தப் பேப்பர்காரனால.

மறுப்பா? எங்க போடுறாங்க. மொத தடவ போனப்ப வாட்ச்மேனே விடல. ரெண்டாந்தடவ கடுதாசிய வாங்கிக்கிட்டாங்க. மூணாந்தடவ அந்தக் கடுதாசி எங்கன்னு தெரியல, இன்னொண்ணு எழுதுங்கன்னாங்க. ஒருத்தரு சொல்றாரு, நாங்க கல்யாணம்னு சொல்லலையே, கல்யாணமான்னு கேட்டோம்கறாரு. இன்னொருத்தரு, விடுங்க பெரியவரே, ஜனங்க மறந்திருப்பாங்கன்னாரு. ஜனங்க மறந்துட்டா எம் பொண்ணு ஏன் ரெண்டு பஸ்ஸு மாறணும்?

சித்திரையில புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க, செய்தி ஆசிரியரு. இந்தப் படத்த மேஜையில வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க பேப்பர்ல வந்த படத்தையும் பக்கத்துல வச்சாங்க. மொகம் மாறிப் போச்சு அவங்களுக்கு. 'ஐயா, இந்தம்மாவ வெட்டினது எங்க ஆளுதான். இது பெரிய தப்பு. வருத்தம் தெரிவிச்சுப் போடுறோம்'னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. உக்காருங்கன்னு தண்ணி குடுத்தாங்க. அப்பறம் பழைய ஃபைலத் தேடி ஒரு தாள எடுத்தாங்க. 'ஆனா இது என்னங்கய்யா?'ன்னாங்க.

போலீஸ்ல எழுதி வாங்கினாங்கன்னு சொன்னேன்ல. அதோட நகலு. எங் கையெழுத்துதான். 'மேற்படி வெளிநாட்டு நபரை நான் அழைக்கவில்லை. தானாக வந்து என் மகளுக்கு மாலை அணிவித்தார்.'

என்னைய என்ன சார் பண்ணச் சொல்றீங்க? நீங்க கூப்பிட்டேன்னு சொன்னா உங்க மேலயும் கேஸு, பொண்ண விசாரணை முடியுற வரைக்கும் காப்பகத்துல விடணும்னு ஒருத்தர் சொன்னாரு. அவரு வெளிநாட்டுக்காரரு, பிளேன் ஏறிப் போயிடுவாரு, நீங்க இங்க கெடக்கணும்னாரு. எம் பொண்ணக் கொண்டுபோய் விடறதா? பேனாவக் குடுத்தாங்க, எழுதினேன். எந்த அப்பனும் எழுதுவான். பாபா எதிர் பெஞ்சுல உக்காந்து நான் எழுதறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்காகத்தான் எழுதறேன்னு நெனச்சிருப்பாரு போல. எழுதி முடிச்சதும் எந்திரிச்சு நொண்டிக்கிட்டே வந்து எந் தோளத் தட்டிக் குடுத்தாரு.

அத வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாங்க. இலக்கியா பக்கத்துலதான் இருந்துச்சு. ஆட்டோவுல வீட்டுக்கு வர்றப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. 'நீங்கதானப்பா போன் பண்ணிக் கூப்பிட்டீங்க.' அவ்வளவுதான். அதுக்கப்பறம்தான் பேச்ச நிறுத்துச்சு.

மேடம் என்ன சொல்றாங்கன்னா, 'நாங்க தப்புன்னு போடுறதுக்குத் தயாரு. ஆனா அவரு அழைக்காமலே வந்தாருன்னு பொண்ணோட அப்பாவே எழுதிக் குடுத்திருக்கீங்க. ரெண்டுல ஒண்ணுதான் நெசமா இருக்க முடியும். நான்தான் அழைச்சேன், பயத்துல பொய் சொன்னேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. எங்க வருத்தத்தோட உங்க கடிதத்தையும் சேத்து அடுத்த நாளே போடுறேன்'னாங்க. அது சித்திரை. இப்ப ஆடி.

ஆமா சார். மூணு மாசமா நான் அந்த ஆபீஸு படி ஏறல. புதன்கெழம வருவேன், டோல்கேட்டுல எறங்குவேன், எதுத்தாப்புல டீக்கடையில உக்காருவேன், அந்த போர்டப் பாத்துக்கிட்டே ரெண்டு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிடுவேன். வீட்டுல போயி, இன்னிக்கும் முடியாதுன்னுட்டாங்கன்னு சொல்லுவேன். வள்ளிக்கண்ணு பேப்பர்காரனத் திட்டும். நானும் சேந்து திட்டுவேன். வியாழக்கெழம காலைல எம் பொண்ணு மட்டும் டீக்கடையில பேப்பர வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பொரட்டிப் பாத்துட்டு மடிச்சு வச்சுட்டுப் பள்ளிக்கூடம் போகும். கடைக்காரரு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஊருல என்ன பேசுவான்னு நெனைக்கிறீங்க? பேப்பர்காரன் பொய் சொன்னான்னு நான் சொன்னா எல்லாரும் ஆமாங்குறான். நானும் பொய் சொன்னேன்னு பேப்பர்லயே வந்துச்சுன்னா? போலீஸ்ல பொய் எழுதிக் குடுத்தவன்னு பேரு. அவன் வண்டியில சாமான் ஏத்தலாமான்னு யோசிப்பான். அந்தச் சித்தப்பன் மகன் போதும், ஊரு பூரா வாசிச்சுக் காட்டுவான்.

இன்னிக்கு ஏன் போறேன்னா, போன ஞாயித்துக்கெழம மத்தியானம் பாபா போன் பண்ணாரு. அந்தம்மாவுக்குக் கண்ணுல பொரை விழுந்திருக்காம், இந்தியா வேண்டாம், இங்கயே பாத்துக்கலாம்னு அந்தம்மா சொல்லுதாம். அப்பறம் கேட்டாரு, 'அடைக்கலம், அந்தப் பேப்பர்ல சரியாப் போட்டாங்களா?'ன்னு. இன்னும் போடல பாபான்னேன். 'நீ கூப்பிட்டுத்தான் நாங்க வந்தோம்னு அவங்ககிட்டச் சொன்னியா?'ன்னாரு. சொன்னேன் பாபா, அப்பவே சொன்னேன், ஸ்டேஷன்லயும் அதத்தான் எழுதினேன்னு சொன்னேன். வாயில அப்பிடித்தான் வந்துச்சு. 'நீ சொல்லிட்டேல்ல, எங்களுக்கு அது போதும். பேப்பர விட்டுடு, இனிமே அலையாத, வெயிலு ஜாஸ்தி'ன்னு வச்சுட்டாரு.

மூணு நாளாச் சோறு எறங்கல சார். பதினாலு மாசம் அலைஞ்சதுல வராத அசதி அந்த ஒரு போன்ல வந்துருச்சு. என்னையத் திட்டியிருந்தாக்கூட இந்நேரம் எந்திரிச்சிருப்பேன்.

அதனால இன்னிக்கு எழுதிக் குடுத்துடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். படி ஏறிடுவேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் அந்த மேடத்துக்கிட்டக் கேட்டுப் பாக்கணும். 'நான்தான் கூப்பிட்டேன்'னு மட்டும் போட்டாப் போதாதா, 'பொய் சொன்னேன்'ங்கறதும் வந்துதான் ஆகணுமா? வந்துதான் ஆகணும்னா, எங்கயாவது உள்பக்கத்துல, விளம்பரத்துக்குக் கீழ, சின்ன எழுத்துல போட்டாப் போதும். தலைப்பெல்லாம் வேண்டாம். எம் பொண்ணு எங்க போட்டாலும் தேடிப் படிச்சுரும். அப்பிடிக் கேட்டா ஒத்துக்குவாங்களா சார்? நீங்க படிச்சவரு மாதிரி தெரியுது, அதான் கேக்குறேன்.

டோல்கேட்டு வந்துருச்சு. காலக் கொஞ்சம் எடுத்துக்குங்க, நான் எறங்கிக்கிறேன்.

யாருகிட்ட, பாபாகிட்டயா? அவருகிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது சார்.